வேலூர்க் கல்யாணத்துக்குப் போன மல்லி

இலவசப் பை கொடுக்கிற ஒருநாள் பயிற்சி முகாமைப் போல ஆபத்தானது வேறொன்று இல்லை. காலையில் ஒன்றும் தெரியாதவராக உள்ளே போகிறவர், மத்தியானம் சாம்பார் சாதம் சாப்பிட்டு, கண்ணைத் திறந்தபடியே கொஞ்சம் தூங்கி, சாயங்காலம் நிபுணராக வெளியே வருவார். அப்படி வருகிறவரைக் கொஞ்ச நாளைக்காவது வீட்டில் கட்டிப்போட வேண்டும். என்னை யாரும் கட்டிப்போடவில்லை. பலனை ஒரு கல்யாண வீடே அனுபவித்தது.

எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செஞ்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டில் பூச்செடி வைத்திருக்கிற பெண்கள் சேர்ந்து ஆரம்பித்தது. தோட்டம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒருத்திக்குக் குளியலறைத் தண்ணீர் ஓடுகிற இடத்தில் கனகாம்பரம். சிங்கவரத்துக்காரி ஒருத்திக்கு வேர்க்கடலைக் கொல்லையை ஒட்டி ஒரு வேலி முல்லை. எனக்கு மொட்டைமாடியில் காலி பெயிண்ட் பக்கெட்டுகளில் குண்டுமல்லி. (வீட்டுக்குப் பெயிண்டே அடித்ததில்லை, இத்தனை பக்கெட் எங்கிருந்து வந்தது என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேட்கிறார்.)

இந்தப் பூவைத் தனித்தனியாகக் கொண்டுபோனால் பூக்கடைக்காரர் ஏறிட்டுக்கூடப் பார்க்கமாட்டார். "கைப்புடிப் பூவ தூக்கினு வந்துட்டியாம்மா? அப்படி ஓரமா வெச்சிட்டுப் போ" என்பார். எல்லாருடையதையும் சேர்த்து ஒரே கூடையாகக் கொண்டுபோனபோது, "வாங்கம்மா, டீ சாப்டறீங்களா?" என்றார். எங்கள் சங்கத்தின் கொள்கை விளக்கம் முழுவதும் அந்த டீயில் அடங்கிவிடும்.

தலைவி ரஹீமா அக்கா. கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிற குடும்பம். வீட்டின் பின்னால் கிணற்றடியில் இரண்டு பெரிய மல்லிச் செடி வைத்திருந்தாள். செயலாளர் நான். போனில் தமிழில் தட்டச்சு செய்யத் தெரிந்தது எனக்கு மட்டும்தான் என்பதால் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டேன்.

அந்த வகையில்தான் பயிற்சி முகாமுக்கும் போனேன். மொட்டைப் பறித்ததும் குளிர்ச்சியில் வைத்தால் மலராமல் இருக்கும், தோட்டத்திலிருந்து வாங்குகிறவர் கை வரைக்கும் அந்தக் குளிர்ச்சி விட்டுப்போகக் கூடாது, இதற்குப் பெயர் குளிர்ச்சங்கிலி என்று சொல்லிக் கொடுத்தார்கள். மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. அந்த ஒரு வார்த்தை மட்டும் என்னைப் பேய் மாதிரிப் பிடித்துக்கொண்டது. மாமியார் தயிரை எடுத்து மேடைமேல் வைத்துவிட்டு டி.வி. பார்க்கப் போனால்கூட, "அத்தே, குளிர்ச்சங்கிலி அறுந்துபோச்சு" என்பேன். அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

இந்த நேரத்தில்தான் ரஹீமா அக்காவின் ஒரே மகள் சபீனாவுக்கு வேலூரில் மாப்பிள்ளை முடிந்தது. கல்யாணம் மே மாதம், வேலூரில், மாப்பிள்ளை வீட்டார் பார்த்த மண்டபத்தில். தேதி முடிவானதுமே அக்கா செடிக்குக் கவாத்து பண்ணும் நாளைத் தள்ளிவைத்தாள். கிளையை எப்போது வெட்டினால் எப்போது மொட்டு வரும் என்று யோசித்து, கல்யாணத்துக்குச் சரியாகப் பூக்கிற மாதிரி வெட்டினாள். சபீனாவின் பூஜடைக்கு வெளிப்பூ எதுவும் கூடாது, தன் செடிப் பூதான் என்பதில் உறுதியாக இருந்தாள். "நகை அவ அத்தா போடறாரு. பட்டு மாமன்காரன் எடுத்துக் குடுக்கறான். என் கையால இது ஒண்ணாவது இருக்கட்டும்" என்றாள்.

மாலைகள், மாப்பிள்ளையின் முகத்தை மறைத்துத் தொங்கும் பூச்சரம், மேடை அலங்காரம் எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. வெளியூருக்கு நாங்கள் பூ அனுப்புவது அதுவே முதல் தடவை. வேலூர்க்காரர்கள் பார்த்து மெச்சினால் அந்தப் பக்கமே எங்கள் கையில் வந்துவிடும் என்று கூட்டத்தில் பேசினேன். கைதட்டினார்கள். அந்தச் சூட்டோடு மண்டபத்தில் கட்ட ஒரு பேனரும் அடித்தேன். 'செஞ்சி வீட்டுப் பூ! ஒருமுறை முகர்ந்தால் ஆயுளுக்கும் மறக்கமாட்டீர்கள்!' என்று கொட்டை எழுத்தில். கீழே என் செல்போன் நம்பர்.

செஞ்சி வெயிலைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் பாறை. பகல் முழுக்கச் சூடேறி, சாயங்காலமானதும் அதை ஊர்மேல் திருப்பி விடும். மே மாதத்தில் சேத்துப்பட்டு, ஆரணி வழியாக வேலூர் போவதற்குள் மல்லி வதங்கிவிடும் என்று எல்லாரும் பயந்தார்கள். நான் மட்டும் புன்னகை செய்தேன்.

"குளிர்சாதன வண்டி ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றேன்.

"பூவுக்கு ஏசி வண்டியா!" என்று முல்லைக்காரி வாயைப் பிளந்தாள். "என் கல்யாணத்துக்கு எனக்கே மாட்டு வண்டிதான்."

கல்யாணத்தன்று காலையில் ரஹீமா அக்கா வீட்டுக் கிணற்றடியைப் பார்த்திருக்க வேண்டும். இலை தெரியாமல் மொட்டு. நாங்கள் நாலைந்து பேர் பறித்தும் கை ஓயவில்லை. சபீனா மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்வாசலில் நின்று, "அம்மா, அந்த உச்சில இருக்குது பாரு, அதையும் எடும்மா" என்று காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சங்கம் முழுக்க உட்கார்ந்து மத்தியானத்துக்குள் கட்டி முடித்தோம். சபீனாவின் பூஜடையை மட்டும் அக்கா யாரையும் தொடவிடவில்லை. தானே கோத்து, ஈரமான பச்சைத் துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

வண்டி வந்தது. பிறந்தபோது வெள்ளையாக இருந்த வண்டி. மரக்காணம் பக்கத்திலிருந்து வந்த டிரைவர் நல்ல சிரித்த முகம்.

"இதுல மீன் கீன் ஏத்துவீங்களா?" என்று கேட்டேன். (என்னை அவ்வளவு முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டேன்.)

"சேச்சே. மீனா? இந்த வண்டில மீனே ஏத்தினதில்ல மேடம். பினாயில் ஊத்திக் கழுவி வெச்சிருக்கேன், பாருங்க."

கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து குப்பென்று குளிர்காற்று வந்தது. தலையை உள்ளே நீட்டி மூச்சை இழுத்துப் பார்த்தேன். கொஞ்சம் பினாயில், மற்றபடி குளிர். கடுங்குளிரில் வாடை அமுங்கிக் கிடக்கும் என்பதை அந்தப் பயிற்சியில் யாரும் சொல்லவில்லை. சொன்னபோது நான் தூங்கிக்கொண்டிருந்திருக்கலாம்.

கூடைகளை ஏற்றினோம். ரஹீமா அக்கா மட்டும் பச்சைத் துணி மூட்டையோடு காரருகே நின்றாள்.

"இத நான் மடிலயே வெச்சினு வந்துடறேனே மகேசு. சின்ன மூட்டைதான."

"அக்கா! கார்ல நாலு பேரு மூச்சு விடுவாங்க, மேல வெயில் அடிக்குது. ஆரணி தாண்டறதுக்குள்ள எல்லாம் பூத்துடும். அப்புறம் ஜடைலேர்ந்து உதிரும்."

"துணிய நனைச்சு நனைச்சு..."

"குளிர்ச்சங்கிலி அறுந்துடும் அக்கா" என்றேன்.

அக்கா துணி முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினாள். மூட்டையைக் கொடுத்தாள். நானே அதை வாங்கி வண்டிக்குள் கூடைகளின்மேல் வைத்தேன். மேற்கூரையிலிருந்து குளிருக்கு நீர்த்துளி கட்டி ஒரு சொட்டு என் கைமேல் விழுந்தது. எவ்வளவு நல்ல குளிர் என்று சந்தோஷப்பட்டேன்.

வேலூர் போய்ச் சேர்ந்து கூடையைத் திறந்தபோது மொட்டு ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. முத்து முத்தாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சுற்றி நின்று, "இந்த வெயில்ல எப்படிம்மா?" என்று கேட்டார்கள். நான் சொல்லத் தொடங்கினேன். தயவுசெய்து அதைத் திரும்பச் சொல்லச் சொல்லாதீர்கள். சங்கிலி என்ற வார்த்தை பலமுறை வந்தது.

மணப்பெண் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தானே மகளுக்குப் பூஜடை வைத்துத் தைத்தாள். சபீனா கண்ணாடியில் பின்பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நம்ம கெணத்தடியே என் முதுகுல இருக்குதும்மா" என்றாள். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த நிமிடம் வரைக்கும் எல்லாம் நன்றாக இருந்தது. என் வாழ்க்கையில் அந்த நிமிடத்தோடு படத்தை நிறுத்தச் சொல்லி யாரையாவது கெஞ்ச முடியுமானால் கெஞ்சுவேன்.

மாப்பிள்ளைக்கான பூச்சரம் ஆண்கள் பக்கம் போயிற்று. சபீனாவைப் பெண்கள் கூடத்துக்கு அழைத்துவந்து உட்கார வைத்தோம். ஏசி கிடையாது. கூட்டம். மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன, அதுவும் கொஞ்ச நேரத்தில் நின்றது. கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் மைக்குக்கும் விளக்குக்கும் மட்டும்.

பூவிலிருந்து குளிர் விட்டது.

முதலில் மல்லி வாசம்தான் வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா மூக்கைச் சுளித்தார்.

"பிரியாணில மீனு போட்டாங்களா இன்னா?"

"மட்டன்னுதான சொன்னாங்க?"

"அப்ப இது இன்னா வாடை?"

ஆள் போய்ச் சமையல் மாஸ்டரைக் கூட்டிவந்தார்கள். பாவம், நெற்றியில் துண்டு கட்டிய பெரிய மனிதர், கையில் கரண்டியோடு கூடத்து வாசலில் வந்து நின்றார். "மீனா? என் பாத்திரத்துல மீனா? இத்தனை வருசத்துல ஒருத்தர் என்ன ஒரு வார்த்த சொன்னதில்ல. தம்ம ஒடச்சுக் காட்டறேன், வந்து பாருங்க!" என்றார். அவர் கண் கலங்கியேவிட்டது. உண்மையிலேயே வெந்துகொண்டிருந்த பிரியாணி அண்டாவின் மூடியை நடுவில் திறந்து, தம்மை உடைத்துக் காட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றைக்குச் சோறு கொஞ்சம் வேகாமல் இருந்ததற்கும் காரணம் நான்தான்.

அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த வாடை சமையல்கட்டிலிருந்து வரவில்லை. நான் திரும்புகிற திசையிலெல்லாம் இருந்தது, ஏனென்றால் என் தலையிலும் சங்கத்துப் பூதான். எழுந்து வெளியே ஓடினேன். டிரைவர் மர நிழலில் நின்று பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வண்டில இன்னாய்யா ஏத்தின? மீனு ஏத்தினதில்லன்னு சொன்னியே!"

"மீன் ஏத்தல மேடம்" என்றார், கொஞ்சமும் பதறாமல். "இறால்தான் ஏத்துவோம். எப்பனா நண்டு. நீங்க மீனத்தான கேட்டீங்க?"

நான் திரும்பி உள்ளே வந்தபோது மைக்கில் நிக்காஹ் பிரசங்கம் ஓதி முடித்திருந்தார்கள். நிக்காஹ் நடத்திவைக்கிற ஹஜ்ரத் பெண்ணின் பெயரைச் சொல்லி, மாப்பிள்ளையிடம் சம்மதம் கேட்டார். பெண்கள் பக்கம் எல்லாரும் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டு அமைதியானார்கள்.

பதில் வரவில்லை.

ஹஜ்ரத் மறுபடி கேட்டார். பதில் இல்லை. யாரோ தொண்டையைச் செருமுவது மட்டும் கேட்டது. கூடத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரஹீமா அக்கா என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் என் வளையல் ஒன்று உடைந்தது. "மகேசு, புள்ள ஏன் வாயத் தொறக்கமாட்டேங்குது? இன்னா ஆச்சு?" என்றாள். அவள் உதடு வெளுத்துவிட்டது. என்ன ஆயிற்று என்று அந்த மண்டபத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். முகத்துக்கு நேராக இறால் வாடை அடிக்கிற பூச்சரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்தப் பையன் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறான். வாயைத் திறந்தால் என்ன வெளியே வரும் என்று அவனுக்கே நிச்சயமில்லை.

கடைசியில் ஒரு பெரிய தும்மல் வந்தது. அதன் பின்னால் தேய்ந்த குரலில், "ஒப்புக்கொண்டேன்." (சபீனாவின் வீட்டுக்காரர் இப்போது சொல்வது: "அந்த வாடைக்கே ஒப்புக்கிட்டேன்னா, இவ கோவத்துக்கு ஒப்புக்கமாட்டேனா?")

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை பூச்சரத்தைக் கழற்றிச் சன்னலோரம் வைத்தார். தெருப்பூனை ஒன்று அதை இழுத்துக்கொண்டு மண்டபத்தின் நடுவாக ஓடிற்று. அதைத் துரத்திய ஒருவர் நிலைதடுமாறி எங்கள் பேனரைப் பிடிக்க, அது அறுந்து விழுந்தது. விழுவதற்குள் படிக்க வேண்டியவர்கள் எல்லாம் படித்துவிட்டார்கள். 'ஒருமுறை முகர்ந்தால் ஆயுளுக்கும் மறக்கமாட்டீர்கள்.' ஒருவர் அங்கேயே நின்று அந்த நம்பருக்குப் போன் அடித்தார். என் பையில் மணி அடித்தது.

சிரிப்பதற்கு இவ்வளவு இருக்கிறது. ஆனால் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நான் வேகமாகத் தாண்டிப் போகிற இடம் ஒன்று உண்டு. இப்போது தாண்டாமல் சொல்கிறேன்.

மாப்பிள்ளையின் அண்ணி வந்து, "பொண்ணு தலைலேர்ந்துதான் வருது, எடுத்துடுங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சபீனா ஜடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எடுக்கமாட்டேன். எங்கம்மா செடிப் பூ" என்றாள். "வாடை அடிச்சா அடிக்கட்டும்." பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தெரியாமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். அதை அவள் பார்த்தாள்.

ரஹீமா அக்கா போய் மகள் பின்னால் உட்கார்ந்து, "கைய எடு கண்ணு" என்றாள். தான் போட்ட தையலைத் தானே பிரித்தாள். கடைசிச் சரத்தை எடுக்கும்வரை அவசரமே படவில்லை. சபீனா குனிந்து அழுதாள். கழுத்தில் நகை ஆடிக்கொண்டிருந்தது. மொட்டுகள் அந்தச் சூட்டில் அப்போதுதான் விரியத் தொடங்கியிருந்தன. அதே பச்சைத் துணியை மடியில் விரித்து அக்கா எல்லாவற்றையும் அதில் வைத்து முடிந்தாள். எங்கேயோ கடையில் வாங்கிவந்த பளபளக்கிற துணிப்பூவை அண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

நான் அக்காவிடம் போய் நின்றேன். ஏதாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ சாப்டியா?" என்றாள்.

ஊருக்குத் திரும்பியபின் சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்று நானே சொன்னேன். சிலர் தாங்களாகவே விலகிப்போனார்கள். பூக்கடைக்காரர் எங்கள் கூடையை முகர்ந்து பார்த்துத்தான் வாங்கினார். டீ நின்றுவிட்டது. வேலூர்ப் பக்கத்திலிருந்து அதன்பிறகு ஓர் அழைப்பும் வரவில்லை, "அக்கா, இறால் கிலோ என்ன விலை?" என்று கேட்ட ஒரு வம்புக்காரனைத் தவிர. ராஜினாமாக் கடிதத்தைப் போனில் தட்டச்சு செய்து அக்காவுக்கு அனுப்பினேன். "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டாள். மறுவாரம் கூட்டம் அவள் வீட்டில்தான் நடந்தது. வந்தது ஏழெட்டுப் பேர். அதிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். இப்போது பூக்கடையில் மறுபடி டீ கொடுக்கிறார்கள்.

அக்கா வீட்டு முன்னறையில் கல்யாணப் போட்டோ பெரிதாக மாட்டியிருக்கிறது. சபீனா லேசாகப் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறாள். ஜடையில் துணிப்பூ விளக்கு வெளிச்சத்தில் மின்னுகிறது. கூட்டம் நடக்கும்போது நான் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காருவேன். வருஷா வருஷம் கோடையில் அந்தச் செடிகள் அதே மாதிரிப் பூக்கின்றன. வேலூருக்குப் போகிற யாரிடமாவது அக்கா ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புகிறாள். சபீனாவும் வைத்துக்கொள்கிறாள். ஆனால் அது சும்மா வைத்துக்கொள்கிற பூ. அந்த நாளுக்கு என்று பூத்தது அந்த ஒரு தடவைதான்.

போன மாதம் சங்கக் கூட்டம் நடக்கும்போது சபீனாவிடமிருந்து போன் வந்தது. அவளுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. எல்.கே.ஜி. படிக்கிறது. அக்கா எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் மல்லிகைப் படத்தைக் காட்டி இது என்ன பூ என்று கேட்டிருக்கிறார். குழந்தை எழுந்து நின்று, "மீன்பூ" என்றிருக்கிறது. டீச்சர் திருத்தியிருக்கிறார். குழந்தை ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க வீட்ல எல்லாரும் மீன்பூன்னுதான் சொல்வாங்க" என்று அழுது புரள, சபீனாவைப் பள்ளிக்கூடத்துக்கே கூப்பிட்டுவிட்டார்கள்.

கூட்டத்தில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முல்லைக்காரிக்குப் புரையேறிவிட்டது. ரஹீமா அக்கா கண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன், எல்லாரையும்விடச் சத்தமாக.

அப்போது குழந்தையே போனைப் பிடுங்கிப் பாட்டியைக் கூப்பிட்டது. "நன்னிம்மா, அங்க மீன்பூ அத்தை இருக்காங்களா?"

அக்கா போனை என் பக்கம் நீட்டினாள்.

"அத்தை, மிஸ் அது மல்லின்னு சொல்றாங்க. நீங்கதானே பூ சங்கம். நீங்களே சொல்லுங்க, அது பேரு என்ன?"

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மீன்பூதான் கண்ணு" என்றேன்.